பரவாயில்லை என்று யார் சொல்வது?

அக்கா பையன் இன்ஜினியரிங் முதல் வருஷம். போன ஞாயிற்றுக்கிழமை, "மாமா, ஆக்டேவ் சொல்லிக் குடுங்க" என்று லேப்டாப்போடு வந்தான். கூட்டல், பெருக்கல், அணிகள் என்று ஆரம்பித்தோம். 0.1 + 0.2 என்று அடித்தான், 0.3000 வந்தது. அது 0.3-க்குச் சமமா என்று == போட்டுக் கேட்டான். பதில் 0. அதாவது, இல்லை.

"என்ன மாமா, இதுக்குக் கூட்டலே தெரியல?"

மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று போய்க்கொண்டே இருக்கும். அதேபோலப் பத்தில் ஒரு பங்கு இரும எண்களில் முடிவதில்லை, எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும் என்று விளக்கினேன். "சமமான்னு கேக்காதடா. வித்தியாசம் 1e-9-ஐ விடக் கம்மியான்னு கேளு. அவ்ளோதான்."

"அந்த 1e-9-ஐ யாரு முடிவு பண்ணாங்க?"

பத்து வருஷமாக அந்த எண்ணை ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அப்பா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். பத்துப் பைசா இடித்தால் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்திருப்பார். கையிலிருந்து போட்டுவிட்டு வர வேண்டியதுதானே என்று அம்மா திட்டுவாள். "ஒரு இடத்துல ஆயிரம் ரூபா கூடி, இன்னொரு இடத்துல 999.90 குறைஞ்சிருந்தாலும் பத்துப் பைசாதான் இடிக்கும்" என்பார். சின்னப் பிழை என்பதல்ல, காரணம் தெரியாத பிழை என்பதுதான் அவருக்கு உறுத்தல்.

அப்படியானால், காரணம் தெரிந்தால் போதுமா?

1991 பிப்ரவரி 25. சவூதி அரேபியாவின் தஹ்ரானில், பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். அதன் கடிகாரம் பத்தில் ஒரு வினாடியாக நேரத்தை எண்ணியது. அந்தப் பத்தில் ஒன்றை 24 பிட்டில் வெட்டியிருந்தார்கள். பையனையே கணக்குப் போடச் சொன்னேன். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பிழை சுமார் 0.000000095 வினாடி. நூறு மணி நேரத்தில் 36 லட்சம் எண்ணிக்கை. பெருக்கினான்: 0.3420. மூன்றில் ஒரு வினாடி. அதற்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

இதில் காரணம் தெரியாமல் இல்லை. ஓடும் நேரம் கூடக் கூடக் குறி விலகுகிறது என்று இரண்டு வாரம் முன்பே தகவல் வந்துவிட்டது. அணைத்துப் போட்டாலே கடிகாரம் சரியாகிவிடும். ஆனால் களத்தில் இருந்தவர்களுக்குப் போன செய்தி, மிக நீண்ட நேரம் ஓட்டினால் விலகல் வரலாம் என்பது மட்டுமே. எத்தனை மணி நேரம் என்ற எண் அதில் இல்லை. திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

பேருந்தில் காலை மிதித்துவிட்டால், "பரவாயில்லைங்க" என்று மிதிபட்டவர்தான் சொல்ல வேண்டும். மிதித்தவரே சொல்லிக்கொண்டால் அது வேறு. 1e-9 என்பது நான் எழுதும் "பரவாயில்லை". கணினியில் பல கணக்குகளைப் பிழையே இல்லாமல் போட முடியாது. அது குற்றமும் இல்லை. யார் தலையில் விடியும் என்று யோசிக்காமல் எழுதுவதுதான் குற்றம்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் என் நிரல்களில் அந்த எண்ணைத் தேடினேன். ஏழு இடங்கள். ஏன் இந்த அளவு என்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு வரி எழுத உட்கார்ந்தேன். ஐந்துக்கு எழுத முடிந்தது.