ஈரவாடை அறிந்தவர்



உத்ஸவ காலத்தில் எம்பெருமான் திருவீதிப் புறப்பாடு கண்டருளும்போது, சேவிக்க வந்த அன்பர்கள் திருமுகமண்டலத்தைக் கண்டு உருகுகின்றனர். திருவாபரணங்களைக் கண்டு வியக்கின்றனர். திருமாலைகளின் நேர்த்தியைப் பேசிக்கொண்டே பின்தொடர்கின்றனர். சாத்தியிருக்கும் திருப்பரிவட்டத்தின் வெண்மையும் மடிப்பும் கண்ணில் படாமல் போவதில்லை. ஆனால் அதைத் துவைத்துக் காயவைத்து மடித்துக் கொடுத்த கைகள் யாருடையவை என்று கேட்பவர் அரியர். கேட்க வேண்டும் என்று தோன்றுவதுமில்லை. அக்கைகளைப் பற்றியதே இவ்வுபந்யாஸம்.

வீரன் என்றவுடன் வில்லும் வாளும் ஏந்திய உருவமே மனக்கண் முன் வந்து நிற்கும். அலங்கார சாஸ்திரம் வல்லோர் அவ்வளவோடு நின்றாரில்லை. விச்வநாத கவிராஜர் தம் ஸாஹித்யதர்ப்பணத்தில் வீரத்தை நான்கு வகையாகப் பிரித்தார்: தானவீரம், தர்மவீரம், யுத்தவீரம், தயாவீரம். பின்வந்த ஜகந்நாத பண்டிதர், இந்த நான்கோடு எண்ணிக்கையை நிறுத்திவிடுவதற்கு நியாயம் இல்லை என்று ரஸகங்காதரத்தில் வாதித்து, ஸத்யவீரம் முதலானவற்றையும் கூறலாம் என்றார். பண்டிதருடைய வாதம் சாஸ்திர வாதம். அதற்கு உயிருள்ள சான்று வேண்டுமாயின் திருவரங்கத்திற்குத்தான் செல்ல வேண்டும். ஆங்கே ஒரு முதியவர், கண்பார்வை அற்றவர், கையில் ஆயுதம் இல்லாதவர், கொடுப்பதற்குப் பொருளும் இல்லாதவர், ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அவ்வார்த்தை இன்றளவும் எம்பெருமானுக்குத் திருநாமமாக நிற்கிறது.

அது நிகழ்ந்த காலத்தைச் சற்று விரித்துரைத்தால்தான் அவ்வார்த்தையின் கனம் விளங்கும்.

1323ஆம் ஆண்டில் தில்லியிலிருந்து புறப்பட்ட படை தென்னாட்டில் புகுந்து திருவரங்கத்தை நெருங்கியது. உத்ஸவம் நடந்துகொண்டிருந்த வேளையில் செய்தி எட்டிற்று என்பர். பள்ளிகொண்ட பெரிய பெருமாளை எடுத்துச் செல்ல இயலாது. ஆகவே ஸந்நிதியின் முன்னே கல்திரை இட்டு மறைத்தார்கள். தாயாரை வில்வ மரத்தடியில் மறைத்தார்கள். உத்ஸவராகிய அழகிய மணவாளனை, முதிர்ந்த வயதினரான பிள்ளை உலகாசிரியர் ஒரு சிறு கூட்டத்தோடு எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தார். வேதாந்த தேசிகர் ச்ருதப்ரகாசிகை என்னும் மகா வ்யாக்யானத்தைக் காப்பாற்றிக்கொண்டு கருநாட்டின் பக்கம் சென்றார். ஊரில் நின்று மடிந்தவர்களைப் 'பன்னீராயிரவர்' என்று ஸம்ப்ரதாயம் நினைவுகூரும். ஆசார்யர்களுடைய பெருமையைப் பேசுவதற்கு அளவில்லை. அதை உலகம் அறியும். ஆயினும் பன்னீராயிரவரில் ஒருவருடைய பெயரையாவது அறிந்தவர் யார்?

பிள்ளை உலகாசிரியர் ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். எம்பெருமானோ அங்கும் தங்க முடியாமல் மலையாள தேசம், கருநாடு, திருநாராயணபுரம் என்று ஊர் ஊராய் எழுந்தருளி முடிவில் திருமலையைச் சேர்ந்தார். அந்த நீண்ட பயணத்தில் உடன் சென்றோர் வழிதோறும் குறைந்துகொண்டே வந்தனர். திருமலைக் காட்டில் ஒளிந்து, வேரையும் கொடியையும் பற்றிப் பள்ளத்தாக்கில் இறங்கி எம்பெருமானைக் காத்த கொடவர் மூவர் என்று கோயிலொழுகு கூறும். அவர்களிலும் கடைசி வரை எஞ்சியவர் ஒருவரே. காய் கனி தின்று, தலைமுடி சடையாகி, மனிதர் முகம் மறந்து கிடந்தவர் அவர். அவர்தம் சரிதம் தனியே ஓர் உபந்யாஸத்திற்கு உரியது. இங்கே கைகூப்பி மேற்செல்வோமாக.

விஜயநகரத்தார் தெற்கே வந்து காலம் மாறியது. குமார கம்பணரின் அதிகாரியாகச் செஞ்சியில் இருந்த கோபணாரியர், திருமலையிலிருந்து எம்பெருமானைச் செஞ்சிக்கு எழுந்தருளப்பண்ணிச் சில காலம் ஆராதித்து, 1371இல் திருவரங்கத்தில் மீண்டும் ப்ரதிஷ்டை செய்வித்தார். இது கோயில் மதிலில் ச்லோகமாகப் பொறிக்கப்பட்ட செய்தி. 1323க்கும் 1371க்கும் இடையே நாற்பத்தெட்டு ஆண்டுகள். அன்று தாயின் இடுப்பில் இருந்த குழந்தை இன்று பேரன் பேத்தி கண்டிருக்கும் காலம்.

இங்கேதான் யாரும் எதிர்பாராத ஒரு சங்கடம் எழுந்தது.

உத்ஸவர் இல்லாத கோயிலில் உத்ஸவம் எப்படி நடப்பது? ஆகையால் இடைக்காலத்தில் வேறொரு திருமேனியை ப்ரதிஷ்டை செய்து ஆராதித்து வந்திருந்தனர். அவருக்கும் திருமஞ்சனம் நடந்தது; அவருக்கும் தளிகை ஸமர்ப்பித்தார்கள்; அவர் திருமுன் கண்ணீர் விட்டவர்களுக்கும் கணக்கில்லை. இப்போது வெளியிலிருந்து வேறொரு திருமேனி எழுந்தருளியிருக்கிறது. 'இவரே பழைய அழகிய மணவாளன்' என்று கொண்டுவந்தவர்கள் சொல்கிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்கோ அவரைச் சேவித்த நினைவே இல்லை. சேவித்திருந்த தலைமுறை மாண்டும் சிதறியும் போய்விட்டது. ஓலைகளில் அங்க அடையாளம் எழுதி வைத்தார் இல்லை. இரண்டு திருமேனிகளும் ஒரே கோலத்தில், ஒரே அழகில் நிற்கின்றன.

இது சிறிய ஐயம் என்று எண்ணற்க. தவறாக ஒருவரை ஏற்றால், நாற்பத்தெட்டு ஆண்டுகள் காட்டிலும் மலையிலும் உயிரைக் கொடுத்துக் காத்தவர்களின் பாடு அனைத்தும் வீணாகும். தவறாக மற்றவரை ஏற்றாலோ, இத்தனை காலம் அழைத்த குரலுக்கு இரங்கி நின்ற எம்பெருமானையே மறுத்த அபசாரம் நேரும். சேனைத்தலைவர் இருந்தார், அவர் வென்ற வாளுக்கு இதில் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. வித்வான்கள் இருந்தனர், ஆகமம் திருமேனியின் லக்ஷணத்தைச் சொல்லுமேயன்றி, இரண்டில் இவர் எவர் என்று சொல்லாது. ஸ்தலத்தார் இருந்தனர், அவர்கள் கண்டறிந்தது ஒருவரை மட்டுமே.

பழையவரை அறிந்தவர் எவரேனும் உயிரோடு இருக்கிறாரா என்று ஊரெங்கும் தேடினார்கள். அகப்பட்டவர் அர்ச்சகர் அல்லர்; அரையர் அல்லர்; வேத பாராயணம் செய்தவரும் அல்லர். எம்பெருமானுடைய திருப்பரிவட்டங்களைத் துவைத்த வண்ணார் ஒருவர். கோயில் வழக்கில் அவரை 'ஈரங்கொல்லி' என்பர். ஈரத்தைப் போக்கி உலர்த்துபவர் என்பது அச்சொல்லின் பொருள். மிக முதிர்ந்தவர், பார்வையும் போய்விட்டது.

பார்வை இல்லாதவரை அழைத்து வந்து இரண்டு திருமேனிகளில் ஒன்றைக் காட்டச் சொன்னால் கூடியிருந்தவர்கள் முகம் எப்படி மாறியிருக்கும்! சிரித்தவரும் இருந்திருப்பர். அவர் ஒன்று கேட்டார். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து, சாத்திய ஈரவாடையின் தீர்த்தத்தைத் தமக்குத் தரவேண்டும் என்றார். அவ்வாறே திருமஞ்சனம் நடந்தது. ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தம் ஒவ்வொன்றாக அவர் கையில் சேர்ந்தது. ஒன்றை உட்கொண்டார்; பேசவில்லை. மற்றொன்றை உட்கொண்டார். கஸ்தூரியும் பச்சைக்கர்ப்பூரமும் திருமேனியில் ஊறிக் கலந்த அந்தப் பழைய பரிமளம் அவரை எட்டியது. உடனே உரக்கச் சொன்னார்: 'இவரே நம்பெருமாள்!'

அழகிய மணவாளனுக்கு நம்பெருமாள் என்ற திருநாமம் வந்த வரலாற்றைக் கோயிலொழுகு இவ்வாறு உரைக்கிறது.

இதை அதிசயம் என்று சொல்லிக் கடந்து போவது எளிது. அதிசயமாகக் கொள்வதைவிட, அந்த முதியவருடைய பழைய நாட்களை எண்ணிப் பார்ப்பது அதிகப் பயன் தரும். இளமையில் அவர் செய்த வேலை என்ன? கோயில் வாசலில் நின்று, உள்ளிருந்து வரும் ஈரத் துணியைப் பெற்றுக்கொண்டு காவேரிக் கரைக்குப் போவது. அவ்வளவே. கர்ப்பக்ருஹத்தினுள் நிற்கும் அதிகாரம் அவருக்கில்லை. திருமேனியைத் தொட்டவர் அல்லர். எம்பெருமானைத் தீண்டிய துணியே அவருக்குக் கிடைத்த அர்ச்சாவதாரம். மற்றவருக்கு அது அழுக்குத் துணி. அவரோ துவைக்கும் முன் அதைப் பிழிந்து அந்நீரைத் தீர்த்தமாகக் கொள்ளும் வழக்கம் உடையவராய் இருந்தார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்ததைப் பார்த்தவரும் பாராட்டியவரும் இருந்ததாகத் தெரியவில்லை. சாஸ்திரத்தில் அதற்கு விதியும் இல்லை, கூலியில் அதற்குக் கணக்கும் இல்லை. அந்த ஒரு வாய் நீர், நாள் தவறாமல் கொண்ட நீர், நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் ஸாக்ஷி சொல்ல எழுந்து வந்தது.

ஸந்நிதியினுள் நின்று தொட்டு ஆராதிக்கும் பாக்யம் பெற்ற குலத்தார் இவ்விடத்தில் சற்றுத் தலைகுனிந்து நிற்பது தகும். கையால் தொடுபவனுக்குத் தொடுவது பழகிவிடுகிறது. மந்த்ரம் நாவில் ஓட, மனம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. வாசலில் நின்றவருக்கோ கிடைத்தது ஒரு துணி மட்டுமே. அதனால் அந்தத் துணியை அவர் வீணாக்கவில்லை.

இதில் வீரம் எங்கே என்று ஒருவர் வினவலாம். நறுமணத்தை அறிவது மூக்கின் தொழில், நாவின் தொழில். வீரம் ஆவது எப்படி? அந்த ஸபையை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். படைத்தலைவரும் வித்வான்களும் ஸ்தலத்தாரும் சூழ்ந்திருக்க, குருடரும் முதியவருமான ஓர் ஏழைத் தொழிலாளி நடுவில் நிற்கிறார். 'எனக்கு வயதாகிவிட்டது, மறந்துவிட்டது, பெரியவர்களே முடிவு செய்யுங்கள்' என்று சொல்லியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எந்தப் பக்கம் பெரியவர்கள் சாய்கிறார்கள் என்று கேட்டறிந்து அதையே திருப்பிச் சொல்லியிருந்தால் சன்மானமும் கிடைத்திருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. தாம் அறிந்ததை, அறிந்த அளவில், தயங்காமல் சொன்னார். 'நம்' என்று சொன்னாரே, அச்சொல்லை நோக்குக. 'உங்கள் பெருமாள்' என்றோ 'கோயில் பெருமாள்' என்றோ அவர் சொல்லவில்லை. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர், உள்ளே இருப்பவனைத் தம்மவன் என்றும் எல்லார்க்கும் உரியவன் என்றும் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். அந்த 'நம்' என்பதற்கு வேண்டிய நெஞ்சுரம் போர்க்களத்தில் வேண்டுவதற்குக் குறைந்ததன்று.

ஸ்ரீமத் ராமாயணத்தில் இதற்கு ஒப்பான ஒருவர் உண்டு. ஜடாயு மஹாராஜர் ராவணனோடு போர் புரிந்தார். சிறகு அறுபட்டு வீழ்ந்தார். போரின் முடிவை மட்டும் பார்த்தால் தோற்றவரே. பிராட்டியை மீட்கவில்லை. ஆயினும் பெருமாள் வரும் வரை உயிரைப் பிடித்து வைத்திருந்து, தென்திசை நோக்கிக் கொண்டுபோனான் என்று சொன்னார். கவர்ந்த வேளை விந்தம் என்னும் முஹூர்த்தம், அதில் இழந்த பொருளை உரியவன் மீண்டும் பெறுவான் என்றும் சொன்னார். சிறகு செய்யாததை அந்த வார்த்தை செய்தது. முதுமையும் தோல்வியும் உடலுக்கு நேர்ந்தவை. கண்டதைக் கண்டபடி சொல்லும் உறுதிக்கு அவை நேரவில்லை. பெருமாள் அந்தப் பறவைக்குத் தம் திருக்கையால் ஸம்ஸ்காரம் செய்தார். திருவரங்கத்திலும் இழந்த நிதி திரும்பிற்று. அதற்கு வார்த்தை தந்தவருக்கோ, ஜடாயுவுக்கு வாய்த்ததுபோல் பெயர் வாய்க்கவில்லை.

ஆம், அவர் பெயர் தெரியாது. மதிலில் உள்ள ச்லோகம் கோபணாரியரைப் புகழ்கிறது. அது தகுந்ததே, படை நடத்தி வழி திறந்தவர் அவர். வண்ணாரைப் பற்றி அக்கல்லில் ஓர் எழுத்தும் இல்லை. கோயிலொழுகு மட்டும் அவரை மறவாமல் வைத்தது, அதுவும் தொழிற்பெயரால். ஆனால் அவர் இட்ட பெயரைப் பாருங்கள். அழகிய மணவாளன் திரும்பி எழுந்தருளியதற்கு முந்திய ஆண்டில், 1370இல், திருவவதாரம் செய்தவர் மணவாள மாமுனிகள். அம்மஹாசார்யர் தம் உபதேசரத்தினமாலையில், 'நம்' என்ற சிறப்போடு வழங்கும் திருநாமங்களை எண்ணும்போது நம்பெருமாளையே முதலில் வைத்தார். அவரோடு சேர்த்தே நம்மாழ்வாரையும் நஞ்சீயரையும் நம்பிள்ளையையும் கூறினார். ஆழ்வார்க்கும் ஆசார்யர்களுக்கும் முன்னே நிற்கும் அச்சொல், காவேரிக் கரையில் துணி துவைத்தவர் வாயிலிருந்து வந்தது.

இடைக்காலத்தில் ஆராதனம் கொண்டருளிய மற்றொரு திருமேனி என்னவாயிற்று என்று அன்பர்கள் கேட்கக்கூடும். அவரை யாரும் விலக்கவில்லை. திருவரங்கமாளிகையார் என்ற திருநாமத்தோடு அவரும் அங்கேயே எழுந்தருளியிருக்கிறார். உத்ஸவ காலத்தில் யாகசாலைக்கு எழுந்தருளுபவர் அவரே. ஒருவரை 'நம்பெருமாள்' என்று அந்த முதியவர் அழைத்தது மற்றவரைத் தள்ளுவதற்காக அன்று.

திருவரங்கத்தில் திருமஞ்சனம் முடிந்தபின் ஈரவாடைத் தீர்த்தம் ஸாதிக்கும் வழக்கம் உண்டு. அங்கே செல்லும் அன்பர்கள் வரிசையில் நின்று கை நீட்டும்போது தெரிந்துகொள்ள வேண்டியது இது: அந்தத் தீர்த்தத்தைப் பெரிதென்று முதன்முதல் அறிந்து கை நீட்டியவர், கோயில் வாசலுக்கு வெளியே, தோளில் ஒரு துணி மூட்டையோடு நின்றிருந்தார்.