எந்தத் தண்ணீருக்கு?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகிறவர்கள் முட்டுக்காடு பாலத்தைக் கடக்கும்போது ஒரு விநோதத்தைக் கவனித்திருக்கலாம். வலப்பக்கம் உப்பங்கழி, காற்றில்லாத காலையில் அசைவே இல்லாமல் கிடக்கும். இடப்பக்கம் முகத்துவாரத்து மணல்மேட்டுக்கு அப்பால் வங்கக்கடல் ஓயாமல் கரையை அடித்துக்கொண்டிருக்கும். சில கிலோமீட்டர் தள்ளிக் கோவளம், அலைச்சறுக்குக்குப் பெயர்போன கரை. ஒரே ஊர்ப்பக்கம், ஒரே உப்பு, ஆனால் குணத்தில் இரண்டு வேறு தண்ணீர்கள்.

பலகைமேல் நின்றபடி துடுப்புப் போடும் விளையாட்டு, 'ஸ்டாண்ட் அப் பேடில் போர்டிங்', இந்த இரண்டு தண்ணீரிலும் இப்போது நடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அலைக்கும் கழிக்கும் சேர்த்து ஒரே பலகை வாங்கினால் போதாதா?" செலவை எண்ணிக் கேட்கப்படும் நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் தேடப் போனால், பலகையைவிடப் பெரிய விஷயம் ஒன்றில் போய் நிற்கவேண்டியிருக்கிறது.

முதலில் தட்டைத் தண்ணீரைப் பார்ப்போம். அங்கே பலகையை நகர்த்துவது நம் தோளும் முதுகும் மட்டுமே. தண்ணீரைப் பிளந்து போகும் எந்தக் கலமும் முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும். அது கலத்தின் நீளத்தை எட்டியதும், கலம் தான் எழுப்பிய அலையின் மேட்டில் தானே ஏறவேண்டிய நிலை வரும்; அதற்குமேல் எவ்வளவு உழைத்தாலும் வேகம் எளிதில் ஏறாது. 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் நீர்த்தொட்டி அமைத்து, மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து இந்தத் தடையின் கணக்கை வகுத்தவர் வில்லியம் ஃப்ரூட். நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வேக எல்லை நாட் கணக்கில் தோராயமாகக் கிடைக்கும். 9 அடிப் பலகைக்கு அது 4 நாட், மணிக்கு ஏறத்தாழ 7.4 கிலோமீட்டர். 14 அடிக்கு 5 நாட், 9.3 கிலோமீட்டர். ஆகவே கழியில் தூரம் போக விரும்புகிறவருக்கு நீளம் வேண்டும். தண்ணீரைக் கிழிக்கும் கூர்மூக்கு வேண்டும். அடிப்பாகம் வளையாமல் நேராக ஓடவேண்டும். திசை மாறாமல் பிடித்து நிறுத்த, பின்னால் அடியில் செதில்போல நீட்டிக்கொண்டிருக்கும் நீளமான ஒற்றை 'ஃபின்' வேண்டும்.

அலைக்குள் வந்ததும் இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் எதிரியாகிறது. அங்கே பலகையை ஓட்டுவது அலையின் சரிவு. தட்டையான அடிப்பாகம் தண்ணீரைப் பிளக்காமல் அதன்மேல் வழுக்கி ஓடும்போது ஃப்ரூட்டின் எல்லை பின்தங்கிவிடுகிறது. இப்போது தேவை, சட்டென்று திரும்புவது. 14 அடி நீளம் திரும்புவதற்குள் அலை உடைந்துவிடும். தண்ணீரைக் கிழித்த கூர்மூக்கு அலையின் அடியில் குத்தி ஆளைத் தூக்கி எறியும். அதனால்தான் அலைப் பலகைகள் 8, 9 அடியில் நின்றுவிடுகின்றன. மூக்கை மேல்நோக்கி வளைத்துச் செய்கிறார்கள். அந்த வளைவோடு கழியில் இறங்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறை துடுப்புப் போட்டதும் பலகை பக்கவாட்டில் திரும்பும். முன்னே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். பாதி உழைப்பு வீணாகும்.

நேராகப் போகும் நற்குணம் அலையில் பிடிவாதமாகிறது. எளிதில் திரும்பும் நற்குணம் கழியில் அலைபாய்தலாகிறது. பலகை மாறவில்லை.

இதைவிட வியப்பானது அகலத்தின் கதை. 32 அங்குல அகலப் பலகை கழியில் திண்ணை மாதிரி நிற்கும். புதியவர் ஏறிய சில நிமிடங்களில் தைரியம் வந்துவிடும். அதே பலகையைக் கரையலையில் விட்டால் நம்பமுடியாதபடி ஆடும். அகலமான தட்டை வடிவம் நீரின் மேற்பரப்போடு ஒட்டிக்கொள்ள முயல்கிறது. மேற்பரப்பு சமமாக இருக்கும்வரை அதன் பெயர் உறுதி. மேற்பரப்பே சாய்ந்தால் பலகையும் அதே கோணத்தில் சாயும். ஓரம் உருண்ட, சற்றே குறுகலான பலகையோ பக்கவாட்டு அலையைத் தன்னடியில் நழுவவிடும். அதற்காக அதில் யாரும் சுகமாக நின்றுவிட முடியாது. அங்கே நிலைநிறுத்தும் வேலையைச் செய்வது முழங்காலும் இடுப்பும். அகலப் பலகை தரும் உறுதி இரவல். தண்ணீர் அமைதியாக இருக்கும்வரைதான் அது கையில் இருக்கும்.

மற்ற கணக்குகள் எளியவை. பலகையின் கொள்ளளவை லிட்டரில் சொல்வார்கள். ஒரு லிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். 75 கிலோ ஆளுக்கு 75 லிட்டர்ப் பலகை மிதக்கும் எல்லையிலேயே தத்தளிக்கும். பழகியவர்கள் மட்டும் அலையில் அந்த எல்லைக்குச் சற்று மேலே துணிவார்கள், தொடங்குகிறவருக்கு எடையைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்காவது வேண்டும். கழிக்கான நெடுந்தூரப் பலகைகள் 250 லிட்டரையும் தாண்டும். துடுப்பு அலைக்குத் தலையுயரத்தைவிடச் சில அங்குலம் கூடினால் போதும். தட்டைத் தண்ணீருக்கு 8 முதல் 10 அங்குலம் கூடவேண்டும். ஆழமில்லாத கழியில் நீண்ட ஃபின் மணலில் தட்டினால் பலகை நிற்கும், ஆள் நிற்கமாட்டார். அங்கே பின்சாய்ந்த குட்டை ஃபின்தான் புத்திசாலித்தனம்.

இந்த விளையாட்டு பிறந்தபோது இப்படிப் பிரிவினை எதுவும் இல்லை. ஹவாயின் வைக்கீக்கி கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கு அலைச்சறுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள், பெரிய சறுக்குப் பலகைமேல் துடுப்போடு நின்றபடி மாணவர்களைக் கவனித்தார்கள், படம் எடுத்தார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்ற அலைச்சறுக்கு வீரர்கள் அதை மீண்டும் கையிலெடுத்தார்கள். அலை இல்லாத நாளிலும் கடலில் இருக்க அது ஒரு வழி. ஒரே பலகை எல்லாவற்றுக்கும் போதுமாக இருந்தது. காரணம், அதனிடம் யாரும் அதிகம் கேட்கவில்லை. 2008-இல் கலிபோர்னியாவின் டானா பாயிண்ட்டில் 'பேட்டில் ஆஃப் த பேடில்' பந்தயம் தொடங்கிய காலத்திலிருந்து வேகம் கேட்டவர்கள் ஒரு பக்கமும், அலையில் வளைவு கேட்டவர்கள் இன்னொரு பக்கமும் போனார்கள். கேள்வி கூர்மையானதும் வடிவமும் பிரிந்தது.

நம் கரைக்கு இது புதிய பாடமில்லை. துறைமுகம் எழும்பும்வரை சென்னைக்கு வந்த கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கவேண்டியிருந்தது. அவற்றின் சொந்தப் படகுகள் இந்தக் கரையலையில் உடைந்துபோகும். ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்தவை. அலை அடிக்கும்போது விறைத்து நிற்காமல் வளைந்து கொடுக்கும். கட்டுமரத்தின் வழி வேறு. கட்டைகளுக்கு இடையே தண்ணீர் புகுந்து வெளியேறும். நிறைவதற்கு உள்ளே இடமே இல்லாததால் அது மூழ்குவதில்லை. ஓட்டை உடைசலாகத் தோன்றியதுதான் அதன் பாதுகாப்பு. ஏரியிலும் கழியிலும் கோல் ஊன்றித் தள்ளிய தோணிகளை இவற்றோடு யாரும் ஒப்பிட்டு எது சிறந்தது என்று கேட்டதில்லை. திருக்குறளின் 50-ஆவது அதிகாரம் இடனறிதல். தேருக்குரிய இடம் வேறு, நாவாய்க்குரிய இடம் வேறு என்று நிலத்தையும் கடலையும் வைத்தே வள்ளுவர் சொல்லிவிட்டார். துடுப்புப் பலகை இன்னும் நுட்பமான ஒன்றைச் சொல்கிறது: தண்ணீர் என்ற ஒரே இடத்துக்குள்ளும் இடங்கள் உண்டு.

இதற்கு நடுவே கடைகளில் 'ஆல்ரவுண்ட்' பலகை கிடைக்கிறது. பெரும்பாலும் 10 அடி 6 அங்குல நீளம், 32 அங்குல அகலம். காற்றடித்து விறைப்பாக்கி, பிறகு மடித்துப் பையில் போடும் வகையும் உண்டு, அடுக்குமாடிக்காரர்களுக்கு வரப்பிரசாதம். ஏறி நிற்கப் பழகவும், குடும்பத்தோடு கழியில் ஒரு காலைப் பொழுதைக் கழிக்கவும் இவை போதும். ஆனால் ஊதிய பலகையின் தடித்த உருண்டை விளிம்பு அலையின் முகத்தைக் கவ்வாது. 10 அடிச் சொச்சம் பந்தயத்திலும் தேறாது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எதையும் இழக்க மனமில்லாதவருக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் குறைத்துத்தான் தரமுடியும்.

தேர்வு என்றதும் எது கிடைக்கும் என்று மட்டும் எண்ணிப் பழகிவிட்டோம். எதை விடுவது என்ற முடிவுதான் பலகைக்கு உருவம் கொடுக்கிறது. அதைவிடக் கடினமான இன்னொன்றும் உண்டு: எந்தத் தண்ணீரில் நம் காலைகள் உண்மையில் கழிகின்றன என்று ஒப்புக்கொள்வது. ஆண்டில் பெரும்பாலான நாள் கழியில் இருப்பவர், மனத்தில் ஓடும் அலைக்காகப் பலகை வாங்குகிறார். வடகிழக்குப் பருவத்தில் கடல் கொந்தளிக்கும்போது கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார். பலகை வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறது.

மனிதர்களிடமும் நாம் செய்வது இதுதான். பள்ளி ஒரு தட்டைத் தண்ணீர். நேராக, நெடுந்தூரம், ஒரே சீராகப் போகிறவர்களுக்கு அங்கே மதிப்பெண். சட்டென்று திரும்பும் பிள்ளைக்கு அங்கே 'கவனமில்லாதவன்' என்று பெயர். அலுவலகம் நெருக்கடியில் கொந்தளிக்கும்போது, நேற்றுவரை அடங்காதவன் என்று ஒதுக்கிய ஆளைத்தான் தேடுகிறோம். நெருக்கடி தீர்ந்ததும் அவன் மறுபடி அடங்காதவன். குணம், குறை என்று நாம் பிரித்து வைத்திருப்பவற்றில் பல ஒரே பொருளின் இரண்டு பெயர்கள். பெயர் வைப்பது தண்ணீர்.

ஆனால் பலகைக்கும் மனிதருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. செய்து முடித்த பலகை தன் வளைவை நிமிர்த்திக்கொள்ள முடியாது. மனிதர் தண்ணீர் மாறலாம், புதிய தண்ணீருக்குக் காலைப் பழக்கலாம். அந்தச் சுதந்திரம் இருப்பதால்தான், ஒருவரைத் தவறான தண்ணீரில் நிறுத்திவிட்டு மட்டம் என்று தீர்ப்பெழுதுவது பலகையிடம் செய்யும் தவறைவிடப் பெரிய அநியாயம்.

ஆகவே பலகை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்காரரிடம் "எது நல்ல பலகை?" என்று கேட்காதீர்கள், போகும் தண்ணீரைச் சொல்லுங்கள், உங்கள் எடையைச் சொல்லுங்கள், பலகை தானாக வந்துவிடும். வீட்டில், வகுப்பில், வேலையிடத்தில் ஒருவரை எடைபோட உட்காரும்போதும் முதலில் அவர் நிற்கும் தண்ணீரைப் பாருங்கள். தீர்ப்பை அதற்குப் பிறகு சொல்லலாம்.