மது நோயும் தவ்பாவும்



மது ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் எவரும் இலர். ஐவேளைத் தொழுகையைப் பேணாதவன்கூட இதை அறிவான். ஏன், குப்பியைக் கையில் வைத்திருப்பவனும் அறிவான். ஆகவே அதன் ஹராமை நிறுவுவதற்காக இதனை எழுதவில்லை. ஹராம் என்று தெரிந்து, விட்டுவிட வேண்டுமென்று நினைத்து, பலமுறை அழுது தவ்பாச் செய்தும் விட முடியாமல் கிடக்கும் ஒருவன் நம் மஹல்லாவில் இருக்கின்றானே, அவனுடைய வாப்பாவும் உம்மாவும் மனைவியும் ஜமாஅத்தும் அவன் விஷயத்தில் செய்ய வேண்டியது என்ன என்பதே இங்கு நாம் சிந்திக்க வேண்டியது.

அல்லாஹு தஆலா நாடியிருந்தால் ஒரே கட்டளையில் மதுவைத் தடுத்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. பேரீச்சையிலிருந்தும் திராட்சையிலிருந்தும் மக்கள் போதைப் பொருளையும் நல்ல உணவையும் எடுக்கின்றனர் என்று இரண்டையும் பிரித்துக் காட்டினான் (16:67). பின்னர், அதிலே சில பயன்கள் இருப்பினும் பாவமே பெரிது என்று அறிவித்தான் (2:219). அதன் பின்னர், போதையுடன் தொழுகையை நெருங்க வேண்டாம் என்றான் (4:43). கடைசியில்தான் அது ஷைத்தானின் அசுத்தமான செயல், அதைத் தவிர்ந்துகொள்ளுங்கள் என்ற முடிவான கட்டளை இறங்கிற்று (5:90). முதல் வசனமே 'மது அருந்தாதீர்கள்' என்று இறங்கியிருந்தால், 'நாங்கள் ஒருபோதும் விடமாட்டோம்' என்று மக்கள் கூறியிருப்பார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்ன செய்தி புகாரியில் இருக்கின்றது. பழகிப்போன உடம்பையும் மனத்தையும் படைத்தவன் எவ்வளவு நன்றாக அறிந்திருக்கின்றான் பாருங்கள்!

இறுதிக் கட்டளை வந்த அன்று, அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் அனஸ் (ரலி) அவர்கள் பானம் பரிமாறிக் கொண்டிருந்தார்கள். வீதியில் அறிவிப்பாளரின் குரல் கேட்டது. இருந்த மது முழுவதும் கொட்டப்பட்டு, மதீனாவின் தெருக்களில் ஓடிற்று. இந்த வரலாற்றை நாம் மிம்பரில் நின்று பலமுறை சொல்லியிருக்கின்றோம். சொல்லிவிட்டு, 'அவர்கள் ஒரே நொடியில் விட்டார்களே, உனக்கு என்ன கேடு?' என்று குடிகாரனைக் கேட்கிறோம்.

ஆனால் அதே மதீனாவில், அதே சமுதாயத்தில், விட முடியாமல் தவித்தவரும் ஒருவர் இருந்தார் என்பதை நாம் சொல்வதில்லை. அவர் பெயர் அப்துல்லாஹ். நாயகம் (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டார், மறுபடியும் குடித்தார், மறுபடியும் கொண்டுவரப்பட்டார். எத்தனை தடவைதான் இவன் கொண்டுவரப்படுகிறான் என்று ஒருவர் வெறுத்துச் சபித்தபோது, ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய ரசூலையும் நேசிக்கின்றவர் என்று சாட்சி பகர்ந்தார்கள். இதை உமர் (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரியில் பதிவாகியுள்ளது. உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவியாளராகி விடாதீர்கள் என்ற கருத்திலான மற்றொரு அறிவிப்பும் இதை ஒட்டியே வருகின்றது. தண்டனையும் இருந்தது, நேசமும் இருந்தது. நம்முடைய மஹல்லாக்களில் தண்டிக்கும் அதிகாரம் நமக்கில்லை. நேசிக்கும் கடமை மட்டும் மிச்சம் இருக்கின்றது. அதைத்தான் நாம் விட்டுவிட்டோம்.

இனி, 'தவ்பாச் செய்தவன் எதற்காக ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டும்? ஈமான் இருந்தால் போதாதா?' என்று கேட்கும் பெரியவர்களுக்காக ஒரு ஹதீதைச் சொல்ல வேண்டும். தொண்ணூற்றொன்பது கொலை செய்தவனின் வரலாறு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவன் தவ்பாவுக்கு வழி கேட்டு ஒரு துறவியிடம் போனான். வழியே இல்லை என்றார் அவர். அவரையும் கொன்று நூறாக்கினான். பின்னர் ஓர் ஆலிமிடம் போனான். உனக்கும் தவ்பாவுக்கும் குறுக்கே நிற்பவர் யார் என்று அவர் கேட்டார். பயான் அத்துடன் நின்றுவிடுகின்றது. அந்த ஆலிம் அத்துடன் நிற்கவில்லை. இன்ன ஊருக்குப் போ, அங்கே அல்லாஹ்வை வணங்கும் மக்கள் இருக்கின்றார்கள், அவர்களுடன் சேர்ந்து வணங்கு, உன்னுடைய ஊருக்குத் திரும்பாதே, அது கெட்ட ஊர் என்றும் சொன்னார். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீதில், முஸ்லிமில் வரும் விவரம் இது.

தவ்பாவின் கதவு திறந்திருக்கின்றது என்று சொன்ன அதே வாயால் இடத்தை மாற்றச் சொன்னார் அந்த ஆலிம். ஏன்? பாவத்துக்குப் பழகியவனுக்குப் பாவம் நெஞ்சில் மட்டும் இருப்பதில்லை. அந்தத் தெருமுனையில் இருக்கின்றது. மாலை ஆறு மணிக்கு வந்து கூப்பிடும் கூட்டாளியிடம் இருக்கின்றது. சம்பளம் வாங்கும் சனிக்கிழமையில் இருக்கின்றது. போதை மீட்புச் சிகிச்சைக்குச் சில வாரங்கள் தங்கும் இல்லத்தின் முதல் பயன், இந்தத் தெருமுனையிலிருந்தும் கூட்டாளியிடமிருந்தும் அவனைப் பிரித்து வைப்பதே. இதைப் புதிய நாகரிகம் என்று யாரும் எண்ண வேண்டாம். நோயாளியைத் தங்க வைத்துப் பராமரிக்கும் மாரிஸ்தான்களை நம் முன்னோர்கள் வக்ஃபு செய்து நடத்தினார்கள். டமாஸ்கஸில் நூருத்தீன் கட்டியது 1154இல். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டியது 1284இல். மனம் பேதலித்தவர்களுக்கும் அங்கே தனி இடம் இருந்தது.

அந்த இல்லத்தில் நடப்பது என்ன என்று தெரியாததால்தான் பலர் அஞ்சுகிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பல ஆண்டுகள் நாள்தோறும் அதிகமாகக் குடித்த உடம்பு, மது இல்லாமல் இயங்க மறந்துவிடுகின்றது. திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரங்களிலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போய்விடும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், இல்லாத ஆளுடன் பேசுவார்கள், காய்ச்சலடிக்கும். நம் வீடுகளில் இதைக் கண்டவுடன் ஜின் பிடித்துவிட்டது என்று ஓதிப் பார்க்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஓதட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஷிஃபா அல்லாஹ்விடமே இருக்கின்றது. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு ஓதட்டும். ஏனெனில் இந்த நிலை உயிரைப் பறிக்கக்கூடியது. டாக்டர்கள் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தை அளந்து கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார்கள். குடியினால் உடம்பில் வற்றிப்போன தயமின் என்னும் வைட்டமினை ஊசி மூலம் ஏற்றுவார்கள். அது வற்றினால் மூளையே கெட்டுவிடும்.

இங்கே ரமலானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. பிறை கண்ட இரவில் நிறுத்திவிடுகிறேன் என்று நிய்யத் செய்யும் சகோதரர்கள் உண்டு. அல்லாஹ் அவர்களுடைய நிய்யத்தைக் கபூல் செய்வானாக! ஆனால் காலையில் எழுந்தவுடன் குடித்தால்தான் கை நிற்கும் என்ற அளவுக்குப் போனவர், பிறைக்கு ஒரு மாதம் முன்னதாகவே டாக்டரிடம் போக வேண்டும். ரமலானின் இரண்டாம் நோன்பன்று ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் அவர் நோயாளி. நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய அல்லாஹ்வே அனுமதித்திருக்கின்றான் (2:184). 'நோன்பை முறித்தால் ஊர் என்ன சொல்லும்?' என்று மருந்தை மறுப்பது மார்க்கமல்ல.

அபின் இனத்தைச் சேர்ந்த ஹெராயின், வலி மாத்திரை போன்றவற்றை நிறுத்தும்போது வரும் வேதனை கொடியது. எனினும் அது பெரும்பாலும் உயிரைப் போக்குவதில்லை. ஆபத்து பின்னால் வருகின்றது. சில வாரங்கள் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. 'ஒரே ஒரு தடவை' என்று முன்பு போட்ட அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய மகனைக் கண் போலக் காக்க வேண்டியது இதனால்தான்.

உடம்பிலிருந்து போதை இறங்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அத்துடன் அழைத்துவந்து விடுவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை. உண்மையான வேலை அதன் பிறகே தொடங்குகின்றது. எந்த நேரத்தில் ஆசை எழுகிறது, கோபத்தை எப்படிக் கடப்பது, கடனை எப்படித் தீர்ப்பது என்று ஆலோசகர்கள் அவனுடன் தனியாகவும் குழுவாகவும் உட்கார்ந்து பேசுவார்கள். நல்ல இல்லங்கள் மனைவியையும் பெற்றோரையும் அழைத்து அவர்களுக்கும் போதிக்கும். மொத்தம் ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். பின்னரும் பல மாதங்கள் போய்க் காட்ட வேண்டும். மீண்டும் சறுக்குவதும் உண்டு. சர்க்கரை நோயாளிக்கு மறுபடி சர்க்கரை ஏறினால் அவனை ஊரைவிட்டு ஒதுக்குகிறோமா?

வீட்டிலுள்ள பெண்மக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சோற்றிலும் தேநீரிலும் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று மருந்து விற்கிறார்கள். டைசல்பிராம் என்ற மருந்து, உட்கொண்டவன் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழச் செய்யும். டாக்டர் சோதித்து, நோயாளியும் அறிந்து சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. தெரியாமல் கொடுத்து, அவனும் தெரியாமல் குடித்தால் மௌத்தாகி விடவும் கூடும். கணவனைக் காக்க நினைத்த ஒரு பெண்ணின் தலையில் இப்படியொரு சுமை ஏறலாமா?

எல்லா இல்லங்களும் நல்ல இல்லங்கள் அல்ல. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் நடந்ததை நாம் மறக்கக்கூடாது. தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. ஓட முடியாமல் இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் கருகி மாண்டனர். சங்கிலியிட்டவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கொண்டுவந்து விட்டுவிட்டுப் பின்னர் எட்டிப் பார்க்காத குடும்பங்களும் இருந்தனவே! 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கின்றது. போதை மீட்பு என்ற பெயரில் அடித்து உதைத்து அடைத்து வைக்கும் இடங்களும் உண்டு. ஆகவே மகனைச் சேர்க்குமுன், மனநல டாக்டர் வருகிறாரா, அரசிடம் பதிவு உண்டா, குடும்பத்தார் பார்க்க அனுமதி உண்டா, தொழ இடமும் நேரமும் தருவார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். பார்க்கவே விடமாட்டோம் என்று சொன்னால் அங்கே விடாதீர்கள். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் இப்பணியைச் செய்துவருகின்றது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் சிகிச்சை உண்டு; ஏழைக்கு அதுவே எளிது.

2019இல் வெளியான அகில இந்திய ஆய்வு ஒன்று, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றார் என்றும், 180 பேருக்கு ஒருவரே தங்கிச் சிகிச்சை பெற்றார் என்றும் காட்டிற்று. மற்றவர்கள் எங்கே? வீட்டுக்குள். நம் சமுதாயத்தில் இது இன்னும் மறைவு. 'முஸ்லிம் வீட்டில் குடியா?' என்ற வெட்கம். தங்கச்சிக்குச் சம்பந்தம் வராதே என்ற பயம். பிறர் குறையை மறைப்பது ஸவாபுதான். மறைத்து மறைத்து ஆளையே கப்ருக்குள் மறைப்பது எந்த ஸவாபு?

கலீபா உமர் (ரலி) அவர்கள், ஷாம் தேசத்து மனிதர் ஒருவரைக் காணாமல் விசாரித்தார்கள். அவர் குடியில் விழுந்துவிட்டார் என்று சொன்னார்கள். பாவத்தை மன்னிப்பவன், தவ்பாவை ஏற்பவன், கடுமையாகத் தண்டிப்பவன் என்று அல்லாஹ்வைக் குறிக்கும் காஃபிர் சூராவின் தொடக்க வசனங்களை எழுதி உமர் (ரலி) அவர்கள் கடிதம் அனுப்பினார்கள். கூட இருந்தவர்களிடம் அவருக்காக துஆவும் கேட்கச் சொன்னார்கள். அந்த மனிதர் அதைத் திரும்பத் திரும்ப ஓதி அழுது, குடியை விட்டார் என்று இப்னு கஸீர் தம் தப்ஸீரில் எழுதுகின்றார்கள். ஜும்ஆவுக்கு வராமல் போன முகத்தை நம்மில் எந்த முத்தவல்லி தேடினார்?

குடித்தவனின் தொழுகை நாற்பது நாள் ஏற்கப்படாது என்ற ஹதீதைக் கேட்டுவிட்டு, 'எப்படியும் ஏற்கப்படாதே' என்று தொழுகையையே விட்டவர்கள் பலர். இந்த ஹதீதுக்கு உலமாக்கள் தந்த விளக்கம், நன்மை கிடைக்காது என்பது. கடமை நீங்கிவிடும் என்பதல்ல. தெளிந்தவுடன் அவன் தொழுதே ஆக வேண்டும். அந்த ஹதீதிலேயே, தவ்பாச் செய்தால் அல்லாஹ் ஏற்பான் என்ற சுபச்செய்தியும் இருக்கின்றது. அந்தப் பாதியையும் சேர்த்தே இமாம்கள் சொல்ல வேண்டும்.

இல்லத்தில் தங்கியிருப்பவர் கஸ்ரு செய்யலாமா என்று கேட்கின்றனர். ஹனபி மத்ஹபில் பதினைந்து நாளும், ஷாபிஈ மத்ஹபில் போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக நான்கு நாளும் ஓரிடத்தில் தங்க நிய்யத் செய்தவர் முழுமையாகவே தொழ வேண்டும். ஆகவே ஒரு மாதச் சிகிச்சைக்குப் போனவருக்குக் கஸ்ரு இல்லை. வெளியே வர இயலாத நோயாளிக்கு ஜும்ஆ கடமையில்லை, ளுஹரைத் தொழுதுகொள்வார்.

சிகிச்சைச் செலவுக்கு ஜகாத் கொடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. அவர் ஏழையாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஹனபி மத்ஹபில் ஜகாத் பணம் அவருக்குச் சொந்தமாக்கப்பட வேண்டும் என்பதால், இல்லத்தின் பெயரில் நேராகக் கட்டாமல், அவர் கையிலோ அவர் நியமித்த வகீலின் கையிலோ கொடுத்து, அங்கிருந்து கட்டச் செய்ய வேண்டும். குடியினால் பட்ட கடனுக்கும் ஜகாத் கொடுக்கலாமா என்றால், பாவத்துக்காகக் கடன்பட்டவன் தவ்பாச் செய்திருந்தால் கடன்காரர் பங்கிலிருந்து கொடுக்கலாம் என்று ஷாபிஈ பிக்ஹு நூல்கள் கூறுகின்றன. பைத்துல்மால் வைத்திருக்கும் ஜமாஅத்துகள் வருகின்ற ரமலானில் இதற்கென ஒரு தொகையை ஒதுக்கிவைக்கலாம்; பெயரை நோட்டீஸில் போட வேண்டியதில்லை.