வாயில்லா நோயாளியும் கற்கும் கையும்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் பொறித்த இரண்டாம் பாறைச் சாசனம், மனிதருக்கும் விலங்குகளுக்குமாக இருவகை வைத்தியத்தை அம்மன்னன் ஏற்படுத்தியதாகக் கூறுகின்றது. அவ்வேற்பாடு சென்றடைந்த நாடுகளின் வரிசையிற் சோழர், பாண்டியர் ஆகியோரோடு தாம்பபண்ணியாகிய இலங்கையும் இடம்பெறுகின்றது. மூலிகைகள் நடப்பட்டமையும் கிணறுகள் தோண்டப்பட்டமையும் அதிற் சொல்லப்படுகின்றன. விலங்குக்கு மருந்திட்ட அவ்வைத்தியர் தம் கையை எவ்விலங்கின்மீது பழக்கினர் என்பது மட்டும் சொல்லப்படவில்லை. சாசனத்தைப் பாராட்டுவோரும் அதனைக் கேட்பதில்லை.

எல்லா அறிவையும் ஏட்டிலேற்றிவிட முடியுமாயின் இவ்வினா எழாது. அதுவரை வாய்மொழியாக வழங்கிய திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அளுவிகாரையில் எழுத்துருப் பெற்றது என்பது மரபு. போதனைக்கு ஏடு போதும். பசுவின் சினையறியும் வித்தைக்கு அது போதாது. மலக்குடலினுட் கையைச் செலுத்தி, குடற்சுவரினூடாகக் கருப்பையைத் தடவியறிதல் வேண்டும். பல பசுக்களிற் பலமுறை செய்து பழகிய பின்னரே விரல்களுக்கு அது புலப்படும். பழகாத கை குடற்சுவரைப் புண்படுத்தி இரத்தம் கசியச் செய்தலும் உண்டு. ஆசிரியர் ஒருமுறை பார்த்தாலே போதுமான பசுவை, அவருக்குப்பின் மாணவர் நால்வர் ஒருவர்பின் ஒருவராகப் பார்க்கின்றனர் எனக் கொள்க. முதற் பரிசோதனை பசுவுக்காக நடைபெற்றது. ஏனைய நான்கும் யாருக்காக?

இனிவரும் பசுக்களுக்காக என்பதே வழமையான விடை. மனிதருக்கான போதனா வைத்தியசாலையிலும் இதுதானே நிகழ்கின்றது என்பர். அங்கே நோயாளி மாணவனுக்குத் தன் உடலைக் காட்டுவதற்கு இரு நியாயங்கள் உள. முந்திய நோயாளர் அவ்வாறு காட்டியதன் பயனைத் தானும் அனுபவிக்கிறான் என்பது ஒன்று. விரும்பாவிடின் மறுக்கலாம் என்பது மற்றொன்று. முதலாவது நியாயம் பசுவுக்கும் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். இரண்டாவது அறவே பொருந்தாது. பசு காலை உதைத்து மறுத்தாலும், அதற்கு மறுமொழியாகக் கயிறுதான் இறுக்கப்படுகின்றது.

எனவே மறுக்கும் உரிமை உரிமையாளனிடம் போய்ச் சேர்கின்றது. இங்குதான் பிரச்சினை மேலும் கூர்மையடைகின்றது. மாத்தளை மாவட்டத்தின் தெற்கே மலைச்சரிவுகளில் ஓரிரு பசுக்களைக் கட்டி வளர்ப்போர் உளர். லயன்களுக்கு அயலே கொட்டில் அமைத்துப் பால் விற்கும் தோட்டத் தொழிலாளரும் உளர். வடக்கே தம்புள்ளை, கலேவலைப் பகுதிகளின் உலர் நிலங்களில் மாடுகள் மேய்ச்சலுக்கு விடப்படுகின்றன. கொட்டிலில் நிற்கும் ஒற்றைப் பசு அத்தொழிலாளியின் சேமிப்பு. பிள்ளையின் படிப்புச் செலவும் அதன் மடியிலேயே இருக்கின்றது. அரசாங்க மிருக வைத்தியரோடு மாணவர் சிலரும் வந்து நிற்கையில், “பிள்ளைகளும் பார்க்கட்டுமா?” என்று கேட்டால் அவன் தலையசைப்பான். மறுத்தால் அடுத்தமுறை மாடு படுத்துவிட்ட இரவில் வைத்தியர் வருவாரோ என்ற ஐயம் அத்தலையசைப்பினுள் உண்டு. வைத்தியர் அவ்வாறு எண்ணுபவர் அல்லர் என்பது வேறு விடயம். ஏழையின் இசைவைப் பசுவின் இசைவாகக் கொள்வதில், இசையாத இருவர் ஒருவராகக் கணக்கிடப்படுகின்றனர்.

விலங்கைத் துன்புறுத்துவோன் மனிதனிடத்தும் கல்நெஞ்சனாவான் என்பதே கான்ற்றின் கவலை. அவரது கருத்தில் அக்கடமை மனிதன் தனக்கே ஆற்றுவது. பெந்தம் 1789இல் வெளியிட்ட நூலில், விலங்கு சிந்திக்குமா, பேசுமா என்பதை விடுத்து, அது துன்புறுமா என்பதையே வினாவாக்கினார். கொட்டிலில் நிற்கும் மாணவனுக்குப் பெந்தமே அருகில் நிற்பவர் எனலாம். றசலும் பேர்ச்சும் 1959இல் வகுத்த நெறி, விலங்குக்குப் பதிலாக வேறொன்றைப் பயன்படுத்தல், எண்ணிக்கையைக் குறைத்தல், வலியைத் தணித்தல் என்பவற்றைக் கோரியது. பிரித்தானியாவில் சாரா பெய்லி உருவாக்கிய கணினிப் பசு, கைக்குத் தொடுகையுணர்வைத் தந்து முதற் பயிற்சியை உயிருள்ள பசுவிடமிருந்து அகற்றுகின்றது. எனினும் கடைசிப் பயிற்சி உயிருள்ள பசுவிடமே நிகழவேண்டியுள்ளது.

ஆய்வின் நிலை சற்று வேறு. 2008இல் இலங்கையிற் பரவிய எலிக்காய்ச்சலில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாகியது. மாத்தளையும் அதிற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. இந்நோய்க் கிருமி மாட்டின் சிறுநீரகத்திலும் தங்கிச் சிறுநீருடன் வெளியேறி வயல்நீரிற் கலக்கக்கூடியது. நோய்க்குறி எதுவுமற்ற மாட்டின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தால் வயலில் இறங்கும் உழவனுக்குப் பயனுண்டு. மாட்டுக்கு ஊசிக்குத்து மட்டுமே. அத்துன்பம் சிறிது, தேவை பெரிது. ஆதலின் அது தகும். தராசைப் பிடித்திருப்பவன் மனிதனே என்பதை மறைக்காதவரை இவ்விடையிற் பொய்யில்லை.

பயிற்சியிலும் அவ்வளவு நேர்மை இயலும். ஒரு பசுவை எத்தனை கைகள் தொடலாம் என்பதை முன்னரே வரையறுக்கலாம். வைத்தியர் தம் பரிசோதனையை முடித்து, பசுவுக்கு வேண்டிய மருந்தையும் கொடுத்த பின், “உங்கள் மாட்டுக்கான வேலை முடிந்தது, இனி நடப்பது மாணவருக்காக” என்று உரிமையாளனிடம் கூறலாம். அவன் வேண்டாம் என்றால் மாணவர் நால்வரும் கையைக் கழுவிக்கொண்டு வேறு கொட்டிலைத் தேடிச் செல்ல நேரும். அன்றைய பாடம் பிந்தும்.