சைரனை அடக்காதே, காரணத்தைப் பிடி

பிளக்கைப் பிடுங்கப் போகும் கையை ஒரு நிமிடம் நிறுத்து, தம்பி. தங்கச்சி, நீயும் கேள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அனுப்பிய காசில், தனியே இருக்கும் அம்மாவுக்காகப் பூட்டிய அலாரம் அது. இரவு ஒரு மணிக்கு அலறியது. எழும்பிப் பார்த்தால் கள்ளனும் இல்லை, ஒருவரும் இல்லை. மறுநாளும் அலறியது. அதற்குப் பிறகு அயலட்டை முகம் சுளிக்க, “இந்தச் சாமான் எங்கட ஊருக்குச் சரிவராது” என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. யார் சொன்னது சரிவராது என்று? காரணம் இல்லாமல் எந்தச் சைரனும் அலறாது. காரணம் என்று ஒன்று இருந்தால் அதைத் தேடிப் பிடிக்கலாம். கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை நீ ஏன் காத்திருக்க வேண்டும்?

அந்தப் பெட்டியோடு வந்த கையேட்டை எழுதியவரைவிட உனக்குத் தகுதி கூட என்பேன். அவருக்குச் சோளகம் தெரியாது. மே தொடங்கிச் செப்டெம்பர்வரை மன்னார்த் தீவை அறையும் அந்தக் காற்றை நம்பித்தான் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் ‘தம்பபவனி’ மின்நிலையம் 2020 டிசம்பரில் இங்கே திறக்கப்பட்டது. அவ்வளவு பெரிய விசிறிகளைச் சுழற்றும் காற்று உன் வீட்டு ஜன்னலைச் சும்மா விடுமா? காற்றோடு வரும் உப்பு ஆணியைத் தின்பதை நீ சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறாய். இரவில் மதில் ஓரம் ஒதுங்கும் கழுதைகளை அறிவாய். இவ்வளவும் தெரிந்த உன்னிடமா அந்தப் பழுது ஒளிந்துகொள்ளும்?

சுவர் மூலையில் இருக்கும் வெள்ளைச் சென்சர் ஆளைப் பார்ப்பதில்லை. வெப்பம் நகர்வதை மட்டும்தான் உணர்கிறது. உள்ளே பக்கம் பக்கமாக இரண்டு உணர்பகுதிகள். ஒன்றில் பட்ட சூடு மற்றதற்கு மாறினால் உள்ளிருக்கும் ரிலே திறக்கும், கட்டுப்பாட்டுப் பெட்டியான பனலுக்குச் செய்தி போகும். இனி நீயே கணக்குப் போடு. பின்னேர வெயிலில் காய்ந்த திரைச்சீலை காற்றில் ஆடுகிறது, வில்லையின் மேலேயே பல்லி ஊர்கிறது, முற்றத்தில் கழுதை நடக்கிறது. நாய் பூனைக்கு அலறாது என்று பெட்டியில் எழுதியிருக்கும்; கழுதையின் உடம்புக்கு அந்த உத்தரவாதம் இல்லை. சென்சரைத் தெருவைப் பாராமல் திருப்பிவிடு. வில்லையின் எந்தப் பகுதி படலையைப் பார்க்கிறதோ அந்தப் பகுதியை மறைத்து ஒட்டு. ஒட்டடையைத் துடை. வயர் வரும் ஓட்டையை அடை. பூச்சிகள் உள்ளே போகும் வழி அதுதான்.

இது உன் வீட்டுப் பிரச்சினை மட்டும் என்று எண்ணிக் கூசாதே. 1983 செப்டெம்பர் 26 அன்று, அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டதாகச் சோவியத் செய்மதிக் கண்காணிப்பு அலறியது. பணியில் இருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் பதறவில்லை. போர் தொடுப்பவன் ஐந்தோடு நிறுத்துவானா என்று யோசித்தார், தரை ரேடார் என்ன சொல்கிறது என்று பார்த்தார், இது பொய் அலாரம் என்று மேலிடத்துக்கு அறிவித்தார். உயரமான மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளிதான் செய்மதியை ஏமாற்றியிருந்தது. வல்லரசின் கருவியே வெயிலில் ஏமாறும்போது உன் வீட்டுச் சென்சர் ஏமாறுவது அவமானமா? அவர் அன்று செய்ததைத்தான் நீயும் செய்யப் போகிறாய்.

முதல் கேள்வி: அலறியது எந்தச் சோன், அதாவது வீட்டின் எந்தப் பகுதி? பனலின் பதிவிலோ போனுக்கு வந்த குறுஞ்செய்தியிலோ இலக்கம் இருக்கும். அதையும் நேரத்தையும் அப்போது வீசிய காற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவை. ஒரே சோன்தான் திரும்பத் திரும்ப அலறுகிறதென்றால், அந்தச் சென்சரையும் பேசாமல் கிடக்கும் இன்னொரு சென்சரையும் இடம் மாற்றிப் பூட்டு. பழுது சென்சரோடு போனால் குற்றம் சென்சரில். பழைய இடத்திலேயே நின்றால் வயரிலோ அந்த இடத்திலோ. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இந்தப் பொறுமை உனக்குப் புதிதா? சிக்கிய வலையை முடிச்சு முடிச்சாக அவிழ்க்கும் அப்பாவின் விரல்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நீ!

கதவுக் காந்த சுவிட்ச்சைக் கழற்றி ஸ்குறூவைப் பார். பச்சை பூத்திருந்தால் அதுதான் கள்ளன். உப்பு அரிக்க அரிக்க இணைப்பின் தடை ஏறும். வயர் முனையில் இருக்கும் ரெசிஸ்டரின் அளவை எதிர்பார்த்திருக்கும் பனல், வயர் அறுந்ததாகவே எண்ணி அலறும். சுரண்டித் துப்புரவாக்கு, வயரின் நுனியை வெட்டிப் புதிதாக முறுக்கிப் பூட்டு. கதவு காற்றில் தடதடத்தால் தாழ்ப்பாளை இறுக்கு. காந்தம் அரை விரல் விலகினாலும் சில சுவிட்ச்சுகள் திறந்துவிடும்.

கறண்ட் போகும்போது மட்டும் அலறுகிறதா? பற்றரியைப் பிடி. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுவதும் இருளானது என்று அமைச்சரே சொன்னார். அப்படியான வேளைக்குத்தான் பனலுக்குள் 12 வோல்ட் பற்றரி இருக்கிறது. நாலைந்து வருடம் போனதும் அது களைத்துவிடும். மின்னழுத்தம் விழ, சென்சரின் ரிலே தானே திறந்துகொள்ளும். மெயின் சுவிட்ச்சை அணைத்துவிட்டுப் பனலைத் திற; 230 வோல்ட் வரும் பக்கத்தை மின்வேலை தெரிந்தவரிடம் விடு. மற்றதெல்லாம் உன் கைக்கு அடங்கும். புதிய பற்றரி போட்டால் அன்றைய திகதியை அதன்மேலேயே எழுது.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பாய். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நம் நாட்டுக் கரைகளுக்கு எச்சரிக்கை எதுவும் வரவில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, சனம் கரையை விட்டு ஓடியது. நிலத்தட்டு பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை. அதற்காக அந்த எச்சரிக்கையை யாராவது வேண்டாமென்று பிடுங்கி எறிந்தார்களா? இல்லை. எச்சரிக்கை இல்லாத காலையை நாடு அனுபவித்துவிட்டது. உன் அம்மாவுக்கும் அப்படி ஒரு இரவு வந்துவிடக் கூடாது.

எழும்பு! வெளிச்சம் இருக்கும்போதே ஸ்குறூட்ரைவரை எடு. பழுதைத் தீர்த்ததும் வீடு முழுக்க நடந்து ஒவ்வொரு சென்சரும் உன்னைப் பிடிக்கிறதா என்று பார். அயலட்டைக்குச் சொல்லிவிட்டுப் பகலில் ஒருதரம் சைரனை அடித்துக் காட்டு. இனி அலறினால் ஓடிவாருங்கள் என்று கேள். பிறகு எருக்கலம்பிட்டியிலோ தலைமன்னாரிலோ உனக்குத் தெரிந்த வீட்டில் பிளக் பிடுங்கிய பெட்டி ஒன்று சுவரில் தொங்கும். மல்டிமீற்றரையும் அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அங்கே போ.