மூன்றாம் இயல்

இலக்கிய ஆய்வேடு எழுதும் பிள்ளைகளுக்கு ‘ஆசிரியரின் நோக்கம்’ என்ற இயல்தான் எளிதாகப் படுகிறது. கருதுகோளுக்கும் முதன்மைச் சான்றுக்கும் மாதக்கணக்கில் அலைகிறவர்கள், ‘நெசவாளர் துயரை எடுத்துரைப்பதே ஆசிரியரின் நோக்கமாகும்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கோ ஏட்டிலேயே கடினமான வரி அதுதான். ஒருவர் ஒரு காரியத்தை எதற்காகச் செய்தார் என்று அடித்துச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

சேத்துப்பட்டில் எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி நெசவு நாவல்களை ஆய்வுக்கு எடுத்திருக்கிறாள். வீட்டில் பட்டுத்தறி ஓடுகிறது. அவள் எடுத்தவை இரண்டு: தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953), எம்.வி. வெங்கட்ராமின் ‘வேள்வித் தீ’ (1975).

முதல் நாவலின் நோக்கம் வெளிப்படையாகத் தெரிவதுபோல இருக்கும். துணி தேங்கிக் கைத்தறிக்காரர்கள் பட்டினி கிடந்த காலம் அது, தி.மு.க.வினர் தெருத்தெருவாகக் கைத்தறித் துணி விற்றதும் அப்போதுதான். எழுதியவர் இடதுசாரி, கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழில் தந்தவர். செக் தமிழறிஞர் கமில் சுவலபில் இந்நாவலைச் செக் மொழிக்குக் கொண்டுபோனார். ஆனால் இவையெல்லாம் ரகுநாதன் எந்தப் பக்கம் நின்றார் என்பதற்குத்தான் சான்று. எந்த இடத்தில் பொறுமையாக நின்று எழுதினார், எதை இரண்டு வரியில் கடந்தார் என்பதை நாவல்தான் சொல்ல வேண்டும்.

‘வேள்வித் தீ’ இன்னும் சிக்கல். வெங்கட்ராம் கும்பகோணத்துச் சௌராஷ்டிரர், பட்டு வியாபாரம் செய்தவர். தொழிலின் உள்ளிருந்து எழுதினார் என்பதால் தொழிலின் துயரைச் சொல்வதே நோக்கம் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். நாவலோ தறியிலிருந்து நகர்ந்து வீட்டுக்குள் போகிறது. கணவன் மனைவிக்கு நடுவில், ஓர் ஆணின் தடுமாற்றத்தில் போய் நிற்கிறது. அந்தப் பக்கங்களை ‘கிளைக்கதை’ என்று ஒதுக்கி வைத்திருந்தாள். ஆசிரியர் உயிரைக் கொடுத்து எழுதிய இடம் நம் கருதுகோளுக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக அதைக் கிளைக்கதை ஆக்குவது அநியாயம்.

நோக்கம் என்பது எவ்வளவு சிக்கல் என்று காட்ட அவள் வீட்டிலேயே ஒரு கேள்வி கேட்டேன். பாவும் ஜரிகையும் எடைபோட்டுக் கொடுத்து, நெய்த சேலையை எடைபோட்டு வாங்கிக்கொள்ளும் முதலாளி, அவள் அக்கா கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார். அது தீரும்வரை வேறு இடத்துக்கு நெய்ய முடியாது. “உதவினாரா, கட்டிப்போட்டாரா?” என்றேன். அவள் அப்பா பாவில் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டே, “அவரு இல்லன்னா கல்யாணம் நடந்திருக்காதுங்க. அவராலதான் இந்தத் தறிக்குழியை விட்டு எழுந்திருக்கவும் முடியல” என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். முதலாளியையே கேட்டாலும் ஒரு காரணத்தோடு நிறுத்தியிருப்பார் என்று நான் நம்பவில்லை. கூடவே வாழ்கிற மனிதரின் நோக்கமே ஒற்றை வரிக்குள் அடங்கவில்லை.

அப்படியானால் நோக்கத்தைத் தேடவே கூடாதா? 1946-இல் திறனாய்வாளர்கள் விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் ஆசிரியர் நினைத்ததை வைத்துப் படைப்பை எடைபோடக் கூடாது என்று வாதிட்டார்கள். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. யார் எழுதினால் என்ன என்று விட்டுவிட்டால், எழுதியவரின் உழைப்பையும் விட்டுவிடுகிறோம். இலக்கண நூலான நன்னூல் சொல்லும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. நூல் யாருக்கு, என்ன பயன் என்பதையெல்லாம் சிறப்புப் பாயிரம் என்ற முன்னுரை சொல்ல வேண்டும். ஆனால் அதை எழுத வேண்டியவர் நூலாசிரியர் அல்லர். அவருடைய ஆசிரியரோ, உடன் படித்தவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ எழுத வேண்டும். பக்கத்திலிருந்து படித்தவருக்குத்தான் அந்தப் பொறுப்பு.

அவள் இப்போது ‘ஆசிரியரின் நோக்கம்’ என்ற மூன்றாம் இயலைத் திரும்ப எழுதுகிறாள். எந்தப் பக்கங்களில் தறி பேசுகிறது, எவற்றில் வீடு பேசுகிறது என்று ‘வேள்வித் தீ’யின் ஓரமெல்லாம் பென்சிலில் குறித்திருக்கிறாள். ‘நோக்கமாகும்’ இருந்த இடத்தில், ஆசிரியர் அதிகம் தயங்குவது இந்த மனைவியின் முன்னால்தான் என்று எழுதிவிட்டு, நெறியாளர் ஒத்துக்கொள்வாரா என்று என்னைக் கேட்டாள். ஒத்துக்கொள்ளும்படி சான்று காட்டு என்றேன்.