எங்கே நின்று பார்ப்பது?

காஞ்சிபுரத்துக்குப் படிக்க வந்த மாணவர்களில் மயூரசர்மனைப் போலத் திட்டவட்டமாக ஒரு நிலையை எடுத்தவன் வேறொருவன் இருந்திருக்க மாட்டான். நான்காம் நூற்றாண்டில், வீரசர்மன் என்ற குருவோடு, இங்கிருந்த கடிகையில் வேதம் பயில வந்தவன் அவன். வந்த இடத்தில் பல்லவனுடைய குதிரை வீரன் ஒருவனோடு சச்சரவு. அவமானம் பொறுக்காமல் படிப்பை மூட்டை கட்டிவிட்டு வாளை எடுத்தான். கடைசியில் கதம்ப வம்சத்தையே ஸ்தாபித்துவிட்டான். கர்நாடகத்துத் தாளகுண்டாவில் இருக்கும் கல்தூண் இந்தக் கதையைச் சொல்கிறது.

இந்தக் காலத்து மாணவர்களிடம் யாரும் இவ்வளவு எதிர்பார்ப்பதில்லை. ராஜ்யம் எதுவும் ஸ்தாபிக்க வேண்டாம். ஆராய்ச்சிக் கட்டுரையின் தொடக்கத்தில் இரண்டு பக்கம் எழுதினால் போதும். ஆனால் அந்த இரண்டு பக்கம் ஒரு பெண்ணைப் படுத்திய பாட்டைப் பார்த்த பிறகு, ராஜ்யமே சுலபம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அந்தப் பெண் என் நண்பரின் மகள். டிசைன் கல்லூரி ஒன்றில் கடைசி வருஷம். காஞ்சிப் பட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். 'பாரம்பரியக் கோர்வை நெசவைக் காப்பாற்றுவது எப்படி?' என்று தலைப்புப் போட்டு, படங்களும் கேள்வித் தாளுமாகப் பெரிய கட்டு ஒன்றைப் பேராசிரியரிடம் கொடுத்திருக்கிறாள். அவர் முழுவதையும் படித்துவிட்டு ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பிவிட்டார்: 'இதில் நீ எங்கே நிற்கிறாய்?'

"பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில், சொந்த அபிப்பிராயத்தைக் கலக்காதே, கலக்காதே என்று சொல்லிக் கொடுத்தார்கள், மாமா. இப்போது உன் சொந்த நிலை என்ன என்று கேட்டால் நான் எங்கே போவேன்?" என்று என்னிடம் வந்து நின்றாள்.

நியாயமான கோபந்தான். ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் வந்து கேட்டாளே, அதுதான் வேடிக்கை. எங்களுக்கு இது தினப்படி சங்கடம். ஒரு வீட்டில் சொத்துத் தகராறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் கண்ணால் பார்த்துச் சொன்னால் ஒரு கதை. அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் மருமகள் கண்ணால் சொன்னால் வேறு கதை. எல்லாவற்றையும் எல்லார் கண்ணாலும் சொல்கிறேன் என்று கிளம்புகிற நாவலாசிரியன் பெரும்பாலும் அண்ணன் கட்சியில்தான் போய்ச் சேருகிறான். அது அவனுக்கே தெரிவதில்லை.

அபிப்பிராயம் வேறு, நிலை வேறு. 'கோர்வையைக் காப்பாற்ற வேண்டும்' என்பது அபிப்பிராயம். வேண்டாம் என்று சொல்ல நாட்டில் ஒரு ஆள் கிடைக்கமாட்டார். எதிர்த்துச் சொல்ல ஆளில்லாத வாக்கியத்தில் யாரும் நிற்க முடியாது. அது மேடைப் பேச்சுக்கு உதவும். எந்த இடத்திலிருந்து பார்க்கிறாய், அங்கிருந்து உனக்குத் தெரிவது என்ன, மறைவது என்ன என்று சொன்னால் அது நிலை.

இனிக் கோர்வை என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். இதைப் படிக்கும் பெண்மணிகள் பலருடைய பீரோவில் சாட்சி மடித்து வைக்கப்பட்டிருக்கும். எடுத்து, கரையும் உடலும் சேருமிடத்தைத் திருப்பிப் பாருங்கள். சாதாரணப் புடவையில் உடலின் ஊடையே கரைக்குள்ளும் ஓடும். அதனால் கரையின் நிறம் சற்றுக் கலங்கியிருக்கும். கோர்வையில் அப்படி இல்லை. மூன்று நாடாக்கள். நடுவில் உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று. அரக்கு உடலும் பச்சைக் கரையும் சந்திக்கிற இடத்தில் இரண்டு ஊடைகளும் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு திரும்பும். ஒவ்வொரு வரியிலும் இப்படிக் கவ்வ வேண்டும். ஒரு பக்கத்துக் கரையை நெய்கிறவர் தாமே பார்த்துக்கொள்வார். மறுபக்கத்துக் கரைக்கு இன்னொரு ஜோடிக் கை வேண்டும். ஆகவே கோர்வைத் தறியில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

மயில்கண், தாழம்பூ, ருத்ராட்சம், இருதலைப்பட்சி என்று கரையின் அழகைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அந்த இரண்டாவது ஆளைப் பற்றி எழுதினவர்கள் குறைவு. வெகு காலம் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் ஒரு குழந்தை. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2016-ல் அதைத் திருத்தி, பதினாலு வயது நிரம்பாதவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றார்கள். ஆனால் பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் ஒத்தாசை செய்யலாம் என்று ஒரு கதவைத் திறந்தும் வைத்தார்கள். வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும் ஊரில் அந்தக் கதவு எவ்வளவு அகலமானது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். எப்படியோ, குழந்தைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அந்த இடத்தில் இப்போது பல வீடுகளில் மனைவி உட்கார்ந்திருக்கிறாள்.

பிள்ளையார்பாளையத்தில் அந்தப் பெண் கேள்வி கேட்கப் போன ஒரு வீட்டுக்கு நானும் கூடப் போயிருந்தேன். கேள்வித் தாளில் நாற்பது கேள்வி. மேலே 'நெசவாளரின் பெயர்' என்று ஒரு கோடு. வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார், எழுதிக்கொண்டாள். பட்டு எங்கிருந்து வருகிறது, ஜரிகை எங்கிருந்து வருகிறது, ஒரு புடவைக்கு எத்தனை நாள் என்று வரிசையாகக் கேட்டாள். தறியின் இடது பக்கத்தில் இருந்த அம்மாள் பாதிக் கேள்விகளுக்கு முந்திக்கொண்டு பதில் சொன்னாள். நாற்பதும் முடிந்த பிறகு அவளே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏம்மா, இதெல்லாம் அவரு பேர்லதானே எழுதிக்கிட்டே?"

இவள் கோட்டைப் பார்த்தாள். ஒரு பெயருக்குத்தான் அதில் இடம் இருந்தது.

"எட்டு வயசுல எங்கப்பா தறியில இந்தப் பக்கம் உக்காந்தேன். கல்யாணமாயி வந்து இவரு தறியிலயும் இந்தப் பக்கந்தான்" என்று சொல்லிவிட்டு அம்மாள் நாடாவை எறிந்தாள்.

வீட்டுக்காரருக்கும் ஒரு கோரிக்கை இருந்தது. "துணையாள் இல்லாம ஒத்த ஆளே கோர்வை போடற மாதிரி ஒரு வழி கண்டுபிடிச்சுக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்மா" என்றார். கூலி புடவைக்குத்தான், ஆளுக்கு இல்லை. வெளியாளை வைத்தால் அதில் பங்கு கொடுக்க வேண்டும்; மனைவியை வைத்தால் உலை கொதிப்பது தள்ளிப்போகும். ஆகவே அவர் கேட்டது நியாயம். அம்மாள் இதைக் கேட்டுச் சிரித்தாள். "பேத்திய இங்க உக்கார வெக்கமாட்டேன், அது சத்தியம். ஆனா மெஷின் வந்துட்டா நான் எழுந்து எங்க போறது? சும்மாத்தானே இருக்கேன்னு சொல்லுவாங்க" என்றாள்.

தறியின் அகலம் சுமார் நாலடி. அதன் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால், இரண்டாவது ஆளை எப்படி நீக்குவது என்பது ஆராய்ச்சிக் கேள்வி. மறுபக்கத்திலிருந்து பார்த்தால், இரண்டாவது ஆளை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பது கேள்வி. கோர்வையைக் காப்பாற்றுவது என்ற தலைப்பின் கீழே இரண்டும் அடங்கும். அதனால்தான் அந்தத் தலைப்பால் பிரயோஜனம் இல்லை. பேராசிரியர் ஓரத்தில் எழுதியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆராய்ச்சி என்றால் நடுநிலை வேண்டாமா என்று கேட்பீர்கள். டோனா ஹாராவே என்ற அமெரிக்கப் பேராசிரியை 1988-ல் எழுதிய ஒரு பிரசித்தமான கட்டுரையில், எங்கும் நிற்காமல் எல்லாவற்றையும் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்வது கடவுள் வேஷம் போடுகிற தந்திரம் என்று கண்டித்தார். கடவுள் பெயரை இழுத்ததில் எனக்குக் கொஞ்சம் ஆட்சேபம் உண்டு. இந்த ஊரில் கடவுள்கூட அப்படி எங்கும் நிற்காமல் இருந்துவிடவில்லை. ஊரகத்தில் நிற்கிறார், பாடகத்தில் உட்கார்ந்திருக்கிறார், வெஃகாவில் படுத்திருக்கிறார். பார்க்கப் போகிறவனுக்கு இடம் தெரியும், போய்க் கேட்கலாம். ஆராய்ச்சிக்காரரும் அப்படி ஓரிடத்தில் அகப்பட வேண்டும் என்பதுதான் விஷயம்.

நிலை என்பது பிடிவாதமாகிவிடக் கூடாதே என்ற பயமும் சரியானதே. அதற்கும் வெஃகாவில் ஒரு கதை இருக்கிறது. பல்லவ ராஜா கணிகண்ணனை ஊரைவிட்டு விரட்டினான். குருவான திருமழிசை ஆழ்வாரும் கூடக் கிளம்பினார். போகிறபோது பெருமாளைப் பார்த்து, நீயும் பாயைச் சுருட்டிக்கொள் என்றார். பெருமாள் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாராம். ராஜா மன்னிப்புக் கேட்ட பிறகு மூவரும் திரும்பி வந்தார்கள். சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்று அவருக்குப் பெயர். வேறொருவன் வெளியேற்றப்பட்டதைக் கண்டு நகரத் தெரிந்த நிலை அது. முன்னதாகவே முடிவை எழுதி வைத்துக்கொண்டு சாட்சி தேடுகிற ஆராய்ச்சியில் இந்த நகர்வு இருக்காது.

நிபந்தனைகளிலேயே நிலையைச் சொல்லிவிட்ட உதாரணம் ஒன்று நம் நாட்டில் உண்டு. 1929-ல் காந்தியின் அகில பாரத நூற்போர் சங்கம் நல்ல ராட்டினத்துக்கு லட்ச ரூபாய்ப் பரிசு அறிவித்தது. விலை 150 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. குடிசையில் இருக்கும் ஒரு பெண் அதிகச் சிரமமில்லாமல் 8 மணி நேரம் சுற்றக் கூடியதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள். எத்தனை நூல் என்ற கணக்கும் இருந்தது. ஆனால் யார் உடம்பை வைத்து அளப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். மில் முதலாளி அதே போட்டியை நடத்தியிருந்தால் அந்த ஒரு வரி இருந்திருக்காது.

தெலுங்கானாவில் சிந்தகிந்தி மல்லேஷம் செய்ததும் இதே ஜாதி. போச்சம்பள்ளிப் புடவைக்குச் சாயமேற்றுவதற்கு முன் நூலை ஆணிகளில் சுற்றி எடுக்க வேண்டும்; ஆசு என்பார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான தடவை கை போய் வர வேண்டும். தாயார் லட்சுமி தோள்வலியால் துடிப்பதைப் பார்த்து, படிப்பைப் பாதியில் விட்ட அந்த இளைஞர் 1992-ல் தொடங்கி 1999-ல் ஒரு யந்திரத்தை முடித்தார். தாயார் பெயரையே அதற்கு வைத்தார். 2017-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரை யாரும் உன் நிலை என்ன என்று கேட்டிருக்கமாட்டார்கள், கேட்க அவசியமில்லை. அங்கே வேலையும் வலியும் ஒரே ஆளிடம் இருந்தன. காஞ்சித் தறியில் அவை இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் அவருடைய வழியை இங்கே அப்படியே கொண்டுவந்துவிட முடியாது.

'பாரம்பரியம் எல்லாருக்கும் பொது, அதில் ஒரு சின்னப் பெண்ணுக்கு என்ன சொந்த நிலை?' என்று நண்பரே கேட்டார். 1958-ல் சர்க்கார் அழைப்பின்பேரில் தேசத்தைச் சுற்றிப் பார்த்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதிகள் தங்கள் அறிக்கையில் நம்முடைய லோட்டாவை வானளாவப் புகழ்ந்தார்கள். அதைத் தனியொருவர் வடிவமைக்கவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பலர் செய்தார்கள் என்றும் சொன்னார்கள். அந்த அறிக்கையை ஒட்டித்தான் 1961-ல் ஆமதாபாத்தில் தேசிய டிசைன் நிலையம் தோன்றியது. யாரும் வடிவமைக்காத பொருளைப் புகழ்ந்துவிட்டு, வடிவமைக்கச் சொல்லிக் கொடுக்கப் பள்ளிக்கூடம் வைத்தார்களே என்று நண்பர் கேலி செய்தார். எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. லோட்டாவைத் திருத்திக்கொண்டே வந்தவர்களுக்கு நிலை தேவைப்படவில்லை. அதைச் சுமந்த இடுப்பு அவர்களுடையது. வெளியிலிருந்து வருகிறவள், யார் இடுப்பை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியாக வேண்டும்.

காஞ்சி நெசவாளரைப் பல காலம் ஆராய்ந்த ஆர்த்தி காவ்ல்ரா 2018-ல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பே, தாமரை நூலால் நெய்தவர்கள் நாங்கள் என்று பொருள்படும். அந்த 'நாங்கள்' ஆசிரியை அல்ல. தெய்வங்களுக்குத் தாமரைத் தண்டு நாரில் ஆடை நெய்தோம் என்று தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பத்மசாலியர். பிறர் சொல்லும் 'நாங்கள்' எப்படி உருவாகிறது என்று கேட்டு எழுதுவதும் ஒரு நிலை. என் நண்பர் மகளுக்கு அந்த நூலை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாளோ இல்லையோ, தன் கேள்வித் தாளில் பெயருக்கான கோட்டை இரண்டாக்கினாள்.

இரண்டு பக்கமும் எழுதியாகிவிட்டது. தறியின் இடது பக்கத்திலிருந்து பார்க்கப் போகிறேன். அங்கிருந்து கடையும் விலையும் எனக்குச் சரியாகத் தெரியாது. வீட்டுக்காரரின் சிரமம் பாதிதான் தெரியும். துணையாளை நீக்கும் யந்திரத்தை யோசிப்பதற்கு முன், துணையாள் செய்வது என்ன என்பதை அளக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாள். பேராசிரியர் திருப்தியடைந்தாரா என்றால் அதுவும் இல்லை. "இதில் டிசைன் எங்கே?" என்று ஓரத்தில் இன்னொரு வரி எழுதியிருக்கிறார்.

அவள் மறுபடி பிள்ளையார்பாளையம் போய், கூலிச் சீட்டிலும் புடவைச் சீட்டிலும் இரண்டு பெயரைப் போட்டால் எப்படி இருக்கும் என்று அந்த அம்மாளிடம் கேட்டிருக்கிறாள். "பேரு கெடக்கட்டும் கண்ணு. பல்பு அவரு தலைக்கு மேல தொங்குது. என் பக்கம் அவரு நெழல்தான் விழுது. சாயங்காலம் ஆனா இழை தெரியல" என்றாளாம்.

அதற்குப் பிறகு போகிற வீடுகளிலெல்லாம் பல்பு தறியின் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று குறித்துக்கொண்டிருக்கிறாள். ஆவணி முகூர்த்தத்துக்கான புடவைகள் இறங்கிய பிறகுதான் மேற்கொண்டு பேச நேரம் இருக்கும் என்று தெருவில் சொல்லிவிட்டார்களாம்.